தாயற்ற பூனைக்குட்டியைப் பேணும் முறை
(ஞாயிறு வகுப்புக்குரிய பாடம்)



மைத்திரி என்னும் சொல்லை நாம் நாள்தோறும் நாவினால் உரைக்கின்றோம். அச்சொல் கையினாற் செய்யும் தொழிலாக மாறும் இடம் யாது என்று ஆராய்வதே இன்றைய பாடம். அதற்குப் பெரிய உதாரணம் தேட வேண்டுவதில்லை. நம் குடியிருப்பு வரிசைகளில் மாடிப்படியின் அடியிலும், பழைய சாமான் கிடக்கும் மூலையிலும் பூனை குட்டி ஈனுகின்றது. சில நாட்களில் தாய்ப்பூனை வண்டியில் அடிபட்டோ, நாய்களாற் கடியுண்டோ மடிகின்றது. கண் திறவாத குட்டி ஓயாமற் கத்துகின்றது. பிள்ளைகள் அதனைக் கையில் ஏந்தி வந்து நம் வாயிலில் நிற்கின்றனர்.

அப்போது இரக்கமுள்ள வீட்டார் செய்வது என்ன? பசும்பாலைக் காய்ச்சி, குட்டியை மல்லாத்திப் பிடித்து, சங்கினால் அதன் வாயில் வார்க்கின்றனர். இரண்டொரு நாளில் குட்டி இறக்கின்றது. "அதன் விதி அவ்வளவுதான்" என்று கூறிவிடுகின்றனர். அன்பர்களே, அதனைக் கொன்றது விதியன்று, அறியாமை. அவ்வீட்டில் கருணை இருந்தது. கருணைக்குக் கண்ணாகிய அறிவு இல்லை. ஆதலின் அவ்வறிவை முறையாகப் பயில்வோம்.

1. தாய் உண்டா என்று அறிதல்

தனியே கிடக்கும் குட்டியெல்லாம் தாயற்றதன்று. தாய்ப்பூனை இரை தேடச் சென்றிருக்கலாம். அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறிடத்திற்கு மாற்றிக்கொண்டிருக்கலாம். குட்டி வெதுவெதுப்பாகவும் அமைதியாகவும், நாய், மழை, வெயில் ஆகியவற்றால் ஆபத்தின்றியும் இருக்குமாயின் தொலைவில் நின்று இரண்டு மணி நேரமேனும் காத்திருத்தல் வேண்டும். அருகில் ஆட்கள் கூடி நின்றால் தாய் வாராது. மனிதர் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்று சிலர் கூறுவது உண்மையன்று.

குட்டி குளிர்ந்து போயிருந்தாலும், காயம்பட்டிருந்தாலும், எறும்பு மொய்த்தாலும் காத்திராமல் உடனே எடுத்தல் வேண்டும். அண்மையில் ஈன்ற வேறொரு பூனை அவ்விடத்தில் இருப்பின், அதன் குட்டிகளோடு இதனையும் சேர்த்துப் பார்க்கலாம். பல பூனைகள் பிற குட்டிக்கும் பால் கொடுக்கும். நம்முடைய புட்டியிலும் அதுவே மேலானது.

2. முதலில் சூடு, பின்னரே பால்

இப்பாடத்தில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவிற் கொள்ள இயலுமாயின் இதனையே கொள்க: குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுத்தலாகாது.

பிறந்த குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காக்கும் ஆற்றல் இல்லை. முதல் வாரத்தில் அதற்கு நடுங்கவும் தெரியாது. ஆரோக்கியமான குட்டியின் உடற்சூடு அவ்வாரத்தில் ஏறக்குறைய 96 அல்லது 97 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். அது 94-க்குக் கீழே சென்றால் குடல் இயங்காது. அந்நிலையில் ஊட்டிய பால் செரியாமல் வயிற்றிலேயே தங்கிக் கெடும். பசியென்று எண்ணி நாம் ஊட்டும் பாலே அதற்கு நஞ்சாகின்றது.

ஆழமான அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய பருத்தித் துணியை மடித்து இடுக. வெந்நீர் நிறைத்த புட்டியையோ ரப்பர்ப் பையையோ துணியினால் நன்கு சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க. மறுபாதி சூடின்றி இருத்தல் வேண்டும். சூடு மிகுந்தால் குட்டி தானே ஊர்ந்து விலகுவதற்கு அது வழி. நீர் ஆறியதும் மாற்றுக. ஆறிய புட்டி குட்டியின் சூட்டையே உறிஞ்சும். முதல் வாரத்தில் குட்டி கிடக்கும் இடத்தின் சூடு 85 முதல் 90 டிகிரி பாரன்ஹீட் வரை இருப்பது நலம். பெங்களூர், கோலார் போன்ற மேட்டுநில ஊர்களில் மார்கழி, தை இரவுகளில் இதனை மிகவும் கவனித்தல் வேண்டும். குளிர்ந்த குட்டியை ஒரே அடியாகச் சூடேற்றாமல், ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் மெல்ல மெல்லச் சூடாக்குக. அடுப்பருகே வைத்தலும் வெந்நீரில் நனைத்தலும் கூடா.

3. எந்தப் பால்?

பூனைப்பாலில் உள்ள புரதம் பசும்பாலில் உள்ளதைப்போல ஏறத்தாழ இருமடங்கு, கொழுப்பும் மிகுதி. சத்தின் அளவை நோக்கப் பசும்பாலில் பாற்சர்க்கரை அதிகம். அது குட்டியின் வயிற்றில் கழிச்சலை உண்டாக்கும். 100 கிராம் எடையுள்ள உயிருக்குக் கழிச்சல் சிறு நோயன்று. ஒரே நாளில் உடலின் நீர் வற்றிவிடும்.

பூனைக்குட்டிகளுக்கென்றே செய்த பால்மாவு இப்போது பிராணிகளுக்குரிய உணவு விற்கும் கடைகளிலும், கால்நடை மருந்துக் கடைகளிலும் கிடைக்கின்றது. அதனை டப்பாவில் கூறிய அளவுப்படியே வெந்நீரிற் கரைத்தல் வேண்டும். சிக்கனம் கருதி நீரைக் கூட்டுதல் பிழை. அது கைக்கு வரும்வரை ஓரிரு நாள் ஆட்டுப்பால் கொடுக்கலாம். அதுவும் தற்காலிகமே. சர்க்கரை, தேன், அரிசிக்கஞ்சி முதலியன வேண்டா.

4. ஊட்டும் முறை

குட்டி தாயிடம் எவ்வாறு கிடந்து பால் குடிக்கின்றதோ அவ்வாறே குப்புறக் கிடத்தித் தலையைச் சற்றே உயர்த்தி ஊட்டுக. மல்லாத்தி ஊட்டினால் பால் மூச்சுக்குழலிற் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். நம் குழந்தைகளுக்கு வழங்கும் சங்கும் பாலாடையும் இதற்கு உதவா. சிறிய காம்புள்ள பால்புட்டியோ, ஊசி நீக்கிய சிரிஞ்சோ கொள்க. குட்டி சப்பும் வேகத்திற்கே பால் செல்ல வேண்டும். நாம் அழுத்திப் பீச்சுதல் கூடாது. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடைக்க. பாலின் சூடு மணிக்கட்டில் ஒரு துளி விட்டால் வெதுவெதுப்பாகத் தோன்றும் அளவே.

ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு ஏறக்குறைய 4 மில்லி லிட்டர் போதும். இன்னும் கத்துகின்றதே என்று மேலும் மேலும் புகட்டுதல் தீங்கு. வேளைகள் வருமாறு:

முதல் வாரம்: 2 முதல் 3 மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும்.
இரண்டாம் வாரம்: 3 முதல் 4 மணிக்கு ஒருமுறை.
மூன்றாம் வாரம்: 4 முதல் 5 மணிக்கு ஒருமுறை.
நான்காம் வாரம்: 5 முதல் 6 மணிக்கு ஒருமுறை.

"இரவெல்லாம் விழிப்பது யார்?" என்று கேட்பீர்கள். யான் பல்லாண்டு ஆலையின் நூற்புப் பகுதியில் நின்றவன். அங்கே ஆள் மூன்று ஷிப்டு மாறுவான், இயந்திரம் நிற்பதில்லை. வீட்டிலும் அவ்வாறே முறை வகுத்துக்கொள்க. பத்து மணிக்கு மகன், ஒரு மணிக்குத் தந்தை, நான்கு மணிக்குத் தாய் என்று சுவரில் எழுதி வைக்க. குட்டிக்குப் பால் ஊட்டுவது பெண்கள் வேலை என்று விட்டுவிடுதல் தம்மத்திற்கு ஒவ்வாது. அறுந்த இழையைக் கண்ட கணமே ஒட்ட வேண்டும். பிறகு என்று விட்டால் இழை கிடைக்காது. தவறிய வேளையும் அத்தகையதே.

5. தூய்மை செய்தல்

பலர் அறியாத செய்தி இது. ஏறக்குறைய மூன்று வாரம் வரை குட்டியால் தானே மலசலம் கழிக்க இயலாது. தாய்ப்பூனை நக்குவதனாலேயே அது கழிகின்றது. தாயில்லாதபோது அத்தொழில் நம்முடையது. ஒவ்வொரு முறை பால் ஊட்டும்போதும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சினால் பின்புறத்தை மென்மையாக ஒற்றித் தடவுக. சிறுநீர் வந்து நிற்கும் வரை தடவினாற் போதும். பின்னர் ஈரமின்றித் துடைக்க. இது செய்யாவிடில் எத்தனை நல்ல பால் ஊட்டினும் குட்டி பிழைக்காது.

இதனை அருவருப்போர் உளர். வயிற்றுப்போக்கினால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் புத்தபெருமான் ஆனந்தரோடு சேர்ந்து தம் கையாலேயே கழுவித் துடைத்தார் என்று விநயபிடகம் கூறும். பிறர் கழிவைத் துடைக்கும் கை இழிந்த கை என்று உலகம் நம் முன்னோர்க்குக் கூறியது. பகவனோ தம் கையினாலேயே அச்சொல்லைப் பொய்யாக்கினார்.

6. வளர்ச்சியும் நோயும்

பிறந்த குட்டி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். நாள்தோறும் 10 முதல் 15 கிராம் கூடும். இரண்டு வாரத்தில் இருமடங்காகும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வைக்க. எடை கூடாமையே நோயின் முதற்குறி. 7 முதல் 14 நாட்களுக்குள் கண் திறக்கும். விரலால் திறக்க முயலுதல் கூடாது. மூன்றாம் வாரத்திற் பல் முளைக்கும். நான்காம் வாரத்தில் பாலில் குழைத்த மென்மையான குட்டி உணவைத் தட்டில் வைத்துப் பழக்கலாம். மணல் இட்ட தட்டும் அப்போதே வைக்க. எட்டு வாரத்தில் தானே உண்ணும்.

சோர்ந்து துவளுதல், பால் சப்பாமை, ஓயாத அழுகை, கழிச்சல் இவற்றுள் ஒன்று கண்டாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. தெள்ளுப்பூச்சி இருப்பின் நெருங்கிய பல்லுள்ள சீப்பினால் வாரி எடுக்க. நாய்க்குரிய பூச்சிமருந்து பூனைக்கு நஞ்சாதலின் இடற்க. பெட்டியைப் பினாயிலால் கழுவுதலும், மனிதருக்குரிய காய்ச்சல் மாத்திரை கொடுத்தலும் உயிரைப் போக்கும். குட்டியைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுக. பூனை கடித்தாலோ கீறினாலோ அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

7. மூன்று ஐயங்கள்

முதல் ஐயம்: "நம் பிள்ளைக்கே பால் போதவில்லையே, பூனைக்கு ஏது?" நியாயமான கேள்வி. பிள்ளையின் பாலைப் பறித்துப் பூனைக்கு ஊட்டும்படி தம்மம் கூறவில்லை. ஒரு வீட்டாரால் இயலாததை ஐந்து வீட்டார் கூடிச் செய்யலாம். பால்மாவின் விலையை ஒரு வரிசையார் பங்கிட்டால் ஒருவர்க்கும் சுமையாகாது. சங்கம் என்பதன் பொருளும் அதுவே.

இரண்டாம் ஐயம்: "பூனை தீநிமித்தம், வீட்டுக்கு ஆகாது." குறுக்கே நடந்ததனால் ஓர் உயிர் பிறர்க்குக் கேடு செய்யும் என்பதற்கு யாதொரு காரணமும் இல்லை. பிறப்பினாலேயே ஓர் உயிரை ஆகாதது என்று ஒதுக்கும் வழக்கத்தின் கசப்பை நம்மினும் அறிந்தவர் எவர்? நாம் துப்பிய கசப்பை இன்னோர் உயிரின் வாயில் இடலாமோ?

மூன்றாம் ஐயம்: "இத்தனையும் செய்து இறந்துவிட்டால்?" இறக்கலாம். பிறந்த முதல் நாளில் தாயின் சீம்பால் உண்ணாத குட்டிக்கு நோயைத் தடுக்கும் வலிமை குறைவு. பிள்ளைகள் அழுவர். அவர்களிடம் பாவம், சாபம் என்று கூறற்க. அது சூட்டோடு இருந்தது, பசியின்றி இருந்தது, ஒரு கையில் இருந்தது என்று கூறுக. அநித்தியம் என்பதைப் பிள்ளைகள் முதன்முதற் கற்கும் இடம் அதுவாகலாம்.

8. முதற் சீலமும் குட்டியும்

குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தைப்பக்கம் விட்டு வருவோர், "நாம் கொல்லவில்லையே" என்று ஆறுதல் கொள்கின்றனர். கண் திறவாத குட்டியைத் தாயினின்றும் பிரித்து விடுதல் மெல்லக் கொல்லுதலே. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும், பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி பிராணியைக் கைவிடுதலைக் குற்றம் என்கின்றது. உயிர்களிடத்து இரக்கம் காட்டுதல் குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று அரசியலமைப்பின் 51-ஏ பிரிவு கூறும். அது 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தினாற் சேர்ந்தது.

குட்டிகள் மிகாமல் இருக்க நல்வழி, பூனைக்குக் கருத்தடை அறுவை செய்வித்தல். பெண்பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படும். ஒன்பது வாரத்தில் ஈனும். பால் கொடுக்கும்போதே மீண்டும் சினைப்படுதலும் உண்டு. நாம் வளர்த்த குட்டியை நல்ல வீட்டில் சேர்க்கும்போது இதனையும் சொல்லிச் சேர்க்க.

சகல உயிர்களும் நலம் பெறுக.

வகுப்பில் கேட்க வேண்டிய வினாக்கள்

1. குளிர்ந்த குட்டிக்கு ஏன் பால் கொடுத்தலாகாது?
2. பெட்டியின் ஒரு பாதியைச் சூடின்றி விடுவது எதற்கு?
3. குட்டியை எந்நிலையிற் கிடத்தி ஊட்ட வேண்டும்? ஏன்?
4. தாய்ப்பூனை நக்குவதனால் குட்டிக்கு விளையும் பயன் யாது?
5. உங்கள் வரிசையில் இன்று ஒரு குட்டி கிடைத்தால், இரவு வேளைகளை யார் யார் ஏற்பீர்கள்? பெயர் எழுதுக.