வாங்கிய மறுநாள் காது மூடிக்கொள்ளும்

புதிதாக டீமேட் கணக்கு தொடங்கியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். சென்னை செகண்ட் லைன் பீச்சில் மெட்ராஸ் பங்குச் சந்தை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே புரோக்கர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். 1992-ல் புரோக்கர் ஹர்ஷத் மேத்தா கிளப்பிய ஏற்றம், 2000-ல் மென்பொருள் பங்குகளின் ஏற்றமும் வீழ்ச்சியும், 2008 வீழ்ச்சி எல்லாவற்றையும் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தாயிற்று. அன்றைக்கும் புரளி இருந்தது, பேராசை இருந்தது. ஆனால் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே வாசலில் நின்று டீ குடித்தார்கள். ஏசிசி பங்கு இன்னும் ஏறும் என்று ஒருவர் அடித்துச் சொன்னால், "நான் நேற்றே விற்றுவிட்டேன் சார்" என்று சொல்ல பக்கத்திலேயே இன்னொருவர் இருந்தார். உங்கள் கையில் இருக்கும் போன் அந்த இன்னொருவரை உங்கள் கண்ணில் காட்டுவதில்லை. நமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை எலி பரைசர் என்ற அமெரிக்கர் 2011-ல் புத்தகமாகவே எழுதினார். வடிகட்டிக் குமிழி என்பது அவர் வைத்த பெயர். அந்தக் குமிழிக்குள் இருப்பவருக்குச் சந்தையில் ஊதிக்கொண்டிருக்கும் விலைக் குமிழி கண்ணுக்குத் தெரியாது. என் கவலையெல்லாம் அதுதான்.

1. அந்த வடிகட்டிக் குமிழியின் சுவரை எழுப்புவதில் உங்கள் கையும் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். குக்சன், எங்கல்பெர்க், மல்லின்ஸ் என்ற மூன்று பேராசிரியர்கள் ஸ்டாக்ட்விட்ஸ் என்ற முதலீட்டாளர் தளத்தில் சுமார் 4 லட்சம் பேரின் நடத்தையை ஆராய்ந்தார்கள். ஒரு பங்கு ஏறும் என்று நம்புகிறவர்கள், அதே பங்கு ஏறும் என்று எழுதுகிறவர்களைப் பின்தொடர்வது, இறங்கும் என்று நினைப்பவர்களைவிட 5 மடங்கு அதிகமாக இருந்தது. விளைவு என்ன? 50 நாளில் எதிர்த்தரப்பினரைவிட அவர்கள் கண்ணில் பட்ட சாதகமான செய்திகள் 62 கூடுதல், பாதகமான செய்திகள் 24 குறைவு. தொழில்முறை முதலீட்டாளர்களும் இதற்கு விலக்கில்லை. இப்படி உருவான நம்பிக்கையோடு பின்னால் வந்தது குறைந்த லாபம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, யாரும் இவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பணத்தைப் போட்ட பிறகு, போட்டது சரி என்று சொல்லும் குரலை மனசு தேடுகிறது. என் கவுன்டருக்கு வந்தவர்களிடமும் இதையே பார்த்திருக்கிறேன். வாங்குவதற்கு முந்தின நாள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். வாங்கிய மறுநாள் "நல்ல செய்தி ஏதாவது உண்டா?" என்ற ஒரே கேள்வி. ஆகவே, ஒரு பங்கை வாங்கினால், அடுத்த ஒரு வாரத்துக்கு அந்தப் பங்கைப் பற்றிப் பேசும் புது சேனல் எதையும் பின்தொடராதீர்கள்.

2. போன் எதற்காக நமக்குப் பிடித்ததையே காட்டுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். யூடியூப் 2012-லேயே, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் வைத்திருக்கும் பங்கைப் புகழும் வீடியோவை முழுசாகப் பார்ப்பீர்கள். குறை சொல்லும் வீடியோவை அரை நிமிடத்தில் தள்ளிவிடுவீர்கள். அடுத்து எதைக் காட்டுவது என்று அதற்குத் தெரியும்.

காற்றாலைத் தொழிலில் உள்ள ஒரு சின்ன நிறுவனத்தின் பங்கை வாங்கியிருந்த உறவுக்காரப் பையன் ஒருவனின் போனை வாங்கிப் பார்த்தேன். முகப்பு முழுக்க மேலே ஏறும் பச்சை அம்பு, வாயைப் பிளந்த முகங்கள், "இன்னும் பத்து மடங்கு", "இப்போது விட்டால் இனி கிடைக்காது". என் போனில் அதே நிறுவனத்தின் பெயரைப் போட்டேன். கடன் தர மதிப்பீட்டைக் குறைத்த செய்திதான் முதலில் வந்தது. அவன் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அவன் கண்ணில் அது படவே இல்லை. பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

இதற்குக் கைவைத்தியம் உண்டு. நிறுவனத்தின் பெயரோடு "ஆடிட்டர் ராஜினாமா", "புரமோட்டர் பிளெட்ஜ்" (நிறுவனத்தை நடத்துபவர்கள் தங்கள் பங்கை அடமானம் வைத்தது), "செபி உத்தரவு" என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடுங்கள். உங்கள் கணக்கில் நுழையாமல், முடிந்தால் அம்மா போனில் தேடுங்கள்.

3. சாத்னா பிராட்காஸ்ட் என்ற சின்ன நிறுவனத்தின் வழக்கை ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் உத்தரவு பொதுவெளியில் இருக்கிறது. 2022 ஜூலையில் இரண்டு யூடியூப் சேனல்களில் அந்தச் சின்ன நிறுவனத்தைப் பற்றி வீடியோக்கள் வந்தன. அதானி குழுமம் இதை வாங்கப்போகிறது, ஓர் அமெரிக்க நிறுவனம் பக்திப் படங்கள் எடுக்க 1,100 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்றெல்லாம் அவற்றில் சொன்னார்கள். அத்தனையும் பொய். அந்த வீடியோக்கள் நிறையப் பேருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விளம்பரத்துக்கே கோடிக்கணக்கில் செலவழித்திருந்தார்கள். தானாகக் கண்ணில் பட்டதாகப் பார்த்தவர்கள் நினைத்தது, காசு கொடுத்துக் கண்முன் கொண்டுவந்து வைக்கப்பட்டது.

சில ஆயிரமாக இருந்த பங்குதாரர்களின் எண்ணிக்கை சில மாதத்தில் 55,000-ஐத் தாண்டியது. புதிதாக வந்தவர்கள் உச்ச விலைக்குப் பக்கத்தில் வாங்கினார்கள். அவர்களுக்கு விற்றவர்களில் நிறுவனத்தின் புரமோட்டர்கள் சிலரும் உண்டு. 2023 மார்ச்சில் இடைக்கால உத்தரவு, 2025 மே மாதம் இறுதி உத்தரவு. தவறான வழியில் சம்பாதித்த சுமார் 58 கோடி ரூபாயை வட்டியோடு திருப்பச் சொன்னார்கள். உத்தரவு வருவதற்குள் பங்கு எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் உங்களுக்குச் சொல்ல வருவது, இதில் ஏமாறாமல் இருக்கப் பெரிய படிப்பு எதுவும் தேவைப்பட்டிருக்காது. பட்டியலிடப்பட்ட நிறுவனம் 1,100 கோடிக்கு ஒப்பந்தம் போட்டால் அதைப் பங்குச் சந்தைக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். பிஎஸ்இ இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு, அறிவிப்புகள் பகுதியைத் திறந்தால் இரண்டு நிமிட வேலை. அங்கே இல்லாத செய்தி, உங்களைப் பொறுத்தவரை நடக்காத செய்தி. அதே பக்கத்தில் காலாண்டுக்கு ஒருமுறை பங்குதாரர் விவரம் வரும். புரமோட்டர் பங்கு குறைந்துகொண்டே போய், சின்ன முதலீட்டாளர்கள் எண்ணிக்கை திடீரென்று பல மடங்கு ஆகியிருந்தால், யார் இறங்கி யார் ஏறுகிறார்கள் என்று அந்த அட்டவணையே காட்டிவிடும். ஐந்து சென்ட் நிலம் வாங்க முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கும் குடும்பத்தில் பிறந்தவர்கள்தானே நீங்கள்?

4. அட்மின் மட்டும் பேசக்கூடிய டெலிகிராம் சேனல், சந்தேகம் கேட்டவரை நீக்கிவிடும் வாட்ஸ்அப் குழு, இரண்டிலிருந்தும் இன்றே வெளியேறுங்கள்.

5. சொல்லித்தருகிறவரின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அவருடைய லிங்க் வழியாகக் கணக்கு தொடங்கினால் அவருக்குக் கமிஷன். வகுப்புக்குக் கட்டணம். வீடியோவுக்கு விளம்பரப் பணம். உங்களுக்கு நஷ்டம் வந்தாலும் இந்த மூன்றும் அவருக்கு வந்துகொண்டிருக்கும். குறிப்பிட்ட பங்கை வாங்கு, வில் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்ல செபி பதிவு வேண்டும். ஆராய்ச்சி ஆய்வாளருக்கு ஐஎன்எச் என்றும், முதலீட்டு ஆலோசகருக்கு ஐஎன்ஏ என்றும் தொடங்கும் எண் இருக்கும். அதை செபி தளத்தில் சரிபாருங்கள். "நான் பாடம்தான் நடத்துகிறேன்" என்று சொல்கிறவர்களுக்காக 2025 ஜனவரியில் செபி ஒரு விதி போட்டது. கடைசி மூன்று மாத விலைகளை வைத்துப் பாடம் நடத்தக் கூடாது என்றது அந்த விதி. இன்றைய விலையைத் திரையில் வைத்து நடக்கும் வகுப்பு, வகுப்பு கிடையாது.

6. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பக்கம் போகாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் அதில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று செபியே கணக்குக் காட்டியது. மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2024-25-ல் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம், தொகை 1,05,603 கோடி. 2023-24-ல் இந்தச் சந்தையில் இருந்த தனிநபர்களில் 43 சதவீதம் பேர் 30 வயதுக்கும் கீழே. தொடர்ந்து இரண்டு ஆண்டு நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் மூன்றாவது ஆண்டும் விடவில்லை.

அவர்கள் ஏன் விடவில்லை என்று யோசித்துப் பாருங்கள். நூறில் தொண்ணூறு பேர் தோற்கும் இடத்தில் அவர்கள் போனில் ஜெயித்தவர்கள் மட்டுமே வருகிறார்கள். ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி அன்று லட்சம் லாபம் வந்த ஸ்கிரீன்ஷாட் வரும். தோற்றவர் படம் எடுத்துப் போடுவதில்லை. அவர் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நகைக் கடன் வாங்கிக்கொண்டிருப்பார். லாபத்தைக் காட்டும் படம் நிஜமாகவே இருந்தாலும், அது அந்தச் சந்தையின் படம் ஆகாது.

7. படித்தவன், எனக்கு இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். 1720-ல் லண்டனில் சவுத் சீ கம்பெனிப் பங்கு ஜனவரியில் 128 பவுண்டு. கோடையில் ஆயிரத்தைத் தொட்டது. செப்டம்பர் முடிவதற்குள் இருநூறுக்கும் கீழே. ஐசக் நியூட்டன் அப்போது இங்கிலாந்தின் நாணயச் சாலைக்குத் தலைவர். அந்தப் பங்கை முன்கூட்டியே நல்ல லாபத்தில் விற்று வெளியே வந்தவர்தான். விற்ற பிறகும் அது ஏறிக்கொண்டே போனது, சுற்றியிருந்தவர்கள் எல்லாம் அதைப் பற்றியே பேசினார்கள். உச்சத்துக்குப் பக்கத்தில் திரும்ப உள்ளே போய்ப் பெரும் பணத்தை இழந்தார். நாணயச் சாலைத் தலைவருக்குக் கணக்குத் தெரியாமலா போயிருக்கும்?

8. கதை உண்மையாக இருந்தும் விலை பொய்யாக இருக்கலாம். பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் இது. 2000-ல் இன்டர்நெட் உலகை மாற்றப்போகிறது என்றார்கள், மாற்றியது. அதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் அந்த மார்ச் 10 அன்று 5,048-ல் முடிந்த அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 2002 அக்டோபரில் 1,114-க்கு வந்தது. பழைய உச்சத்தைத் திரும்பப் பார்க்க 2015 ஆனது. ஜப்பானில் 1989 டிசம்பர் கடைசியில் 38,915-ல் இருந்த நிக்கேய் குறியீடு அந்த அளவைக் கடக்க 34 ஆண்டுகள் பிடித்தன. நாற்பது வயதில் அங்கே வாங்கியவருக்கு எழுபத்து நான்கு வயது. இன்று மின்சார வாகனம், செயற்கை நுண்ணறிவு, பாதுகாப்புத் துறை என்று ஒவ்வொரு கதையாக வருகிறது. கதையை மறுக்க நான் வரவில்லை. கதையில் சொல்லும் லாபம் வருவதற்கு முன்பே அதற்கு எத்தனை வருட விலை கொடுக்கிறோம் என்று கேளுங்கள். உங்கள் போனில் கதை நூறு முறை வரும், இந்தக் கேள்வி வராது.

9. எதிர்ப்பேச்சுப் பேச ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் அவருக்கு அனுபவம் இருக்க வேண்டும், உங்கள் மனம் நோகுமே என்று பார்க்காதவராக இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: ஏன் வாங்குகிறேன், எது நடந்தால் நான் நினைத்தது தப்பு, அப்படி நடந்தால் எப்போது விற்பேன். தாளை அவரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது வரி எழுத வரவில்லை என்றால் வாங்க வேண்டாம். விலை விழுந்த பிறகு அந்த வரியை எழுத உட்கார்ந்தால் எழுத்து மாறிவிடும். அதனால்தான் தாள் உங்களிடம் இருக்கக் கூடாது.

10. தினமும் அப்பர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் ஏற அனுமதிக்கப்பட்ட உச்ச விலையில்) பூட்டிக்கொள்ளும் சின்னப் பங்கு, ஒருநாள் லோயர் சர்க்யூட்டிலும் அப்படித்தான் பூட்டிக்கொள்ளும். அன்று நீங்கள் விற்க ஆர்டர் போடலாம், வாங்க ஆள் இருக்காது.

11. கடன் வாங்கி முதலீடு வேண்டாம். தங்கை கல்யாணத்துக்கு வைத்த பணமும் அப்படித்தான், தொடக் கூடாது.

12. போலி டிரேடிங் ஆப்பில் மாட்டிக்கொண்டால், திரையில் லாபம் கோடியாகத் தெரியும், எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்கள். இன்னொரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் புகார் போகிறதோ, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கை முடக்குவதற்கு அவ்வளவு வாய்ப்பு. பணம் அனுப்பிய ரசீது, பேசிய எண்கள், குழுவின் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். வெட்கத்தில் இரண்டு நாள் மறைத்து வைக்கிறவர்கள்தான் நிறைய. வீட்டில் திட்டுவார்கள், திட்டட்டும். முதலில் போனைப் போடுங்கள்.