சதங்கை காத்திருக்கட்டும்

நான்கைந்து வயதுப் பிள்ளையை நடன வகுப்பில் சேர்க்கப் போகிறீர்களா? ஆண்டு விழா எப்போது என்று கேட்காதீர்கள். முதல் ஆறு மாதம் என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். "மூணே மாசத்துல பாட்டுக்கு ஆட வச்சிடுவோம்" என்று பதில் வந்தால், வந்த வழியே வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

என் மகள் முதலில் போனது அப்படியொரு வகுப்புதான். சேர்ந்த சில வாரத்திலேயே சினிமாப் பாட்டு, வாடகை உடுப்பு, ஒப்பனை என்று முந்நூறு வெள்ளிக்கு மேல் கறந்துவிட்டார்கள். பணம் போனால் போகட்டும். விழாவன்று ராத்திரி வெகுநேரம் பசியோடு உட்கார வைத்து, அடி தவறியதற்காக மேடையோரத்திலேயே எல்லார் எதிரிலும் அதட்டினார்கள். ஐந்து வயதுப் பிள்ளை! அதற்குப் பிறகு பாலர் பள்ளியில் பெயர் கேட்டால்கூட வாய் திறக்க மாட்டாள். சபைக்கூச்சம் போகட்டும் என்று அனுப்பிய பிள்ளைக்கு அதையே நிரந்தரமாக்கப் பார்த்தார்கள். அந்தப் பயம் தெளிய ஒரு வருடம் ஆனது.

"ஒன்றாம் ஆண்டு போற பிள்ளைக்கு ஆட்டம் எதுக்கு அண்ணி, டியூஷன்ல போடுங்க" என்றார் என் நாத்தனார். நான் கேட்கவில்லை. ஜாசின் பக்கம் கோயில் மண்டபமொன்றில் சனிக்கிழமை மாலை சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியையிடம் சேர்த்தேன். அங்கே மாதக்கணக்கில் பரதத்தின் அடிப்படை அடியான தட்டடவுதான். ஆசிரியை தாளம் தட்டும் தட்டுக்கழி நின்றால் கால் நிற்க வேண்டும். ஒரே அடவை முதல் காலத்தில், பிறகு இரட்டிப்பு வேகத்தில், அதற்கும் இரட்டிப்பில். ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று எட்டும் கையாலேயே எண்ணுவாள். மயூர முத்திரைக்கு மோதிரவிரல் நுனியைக் கட்டைவிரலோடு சேர்த்தால் ஆள்காட்டி விரலும் கூடவே மடங்கும். இடது கையால் அதை நிமிர்த்தி நிமிர்த்திப் பழகினாள். அந்த விரல்தான் இன்று பென்சிலை நழுவவிடாமல் ணகரத்தின் சுழிகளைப் போடுகிறது.

ஏழு வயதில் தமிழ்ப்பள்ளிக்குள் நுழைகிற பிள்ளைக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து விழும். மலாயை அசை அசையாகப் பிரித்துத்தான் வாசிக்கத் தொடங்குவார்கள். என் மகள் "பு-கு" என்று கைதட்டிப் பிரித்தாள், யாரும் சொல்லித்தரவில்லை. சபைகூடலில் அசையாமல் நிற்பதும் கேன்டீன் வரிசையில் முறைக்குக் காத்திருப்பதும் அவளுக்குப் புதிதாக இல்லை. எந்த டியூஷனில் இதெல்லாம் கிடைக்கும்?

என் அம்மா காலத்தில் ஆட்டம் கற்கக் காசு கொடுத்ததில்லை. தோட்டத்தில் காமன் கூத்தும் கும்மியும் கரகமும் இருந்தன. லயத்துப் பிள்ளைகள் பெரியவர்கள் பின்னால் நின்றே அடி பிடித்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நாமும் தாமான் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, தேடிப்போய்த்தான் கற்க வேண்டியிருக்கிறது.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். பருத்தி உடுப்பு போதும், தண்ணீர்ப் போத்தல் கொடுத்தனுப்புங்கள், வயிறு முட்டச் சாப்பிட வைத்து அனுப்பாதீர்கள். வீட்டில் பாட்டி இருந்தால் தாளம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பையனாக இருந்தாலும் தயங்காதீர்கள். ஆடக் கூச்சப்பட்டால் மிருதங்க வகுப்பில் உட்கார வையுங்கள். ஆனால் அங்கேயும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்.