வானம் தோண்டும் முன் வீட்டுச் செலவைக் கணக்கிடுவோம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. ஏக்கருக்கு எவ்வளவு விதை, எவ்வளவு உரம், எத்தனை ஆள் என்று விரல்விட்டுச் சொல்லும் சிறு விவசாயி, வீடு கட்டும்போது மட்டும் "சதுர அடி இவ்வளவு" என்ற ஒரே வார்த்தையை நம்பி வேலையைத் தொடங்கிவிடுகிறார். சுவர் எழும்பும்போது கைப்பணம் தீர்ந்துவிடுகிறது. பின்னர் பயிர்க்கடன் வீட்டுக்குள் போகிறது. நகை அடகுக்குப் போகிறது. உழவு மாடும் கறவை மாடும் சந்தைக்குப் போகின்றன. பயிர்ச் செலவுக்குச் செய்யும் கணக்கை வீட்டுக்கும் செய்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

சதுர அடி விலையில் அடங்காதவை

மேஸ்திரி சொல்லும் சதுர அடி விலை கூலிக்கு மட்டுமா, பொருளும் சேர்த்தா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். பொருளும் சேர்த்த விலையாக இருந்தாலும் கழிவறை, கழிவுநீர்த் தொட்டி, மின் இணைப்பு, ஆழ்துளைக் கிணறு, படிக்கட்டு, சுற்றுச்சுவர், இரண்டு அடிக்கு மேற்பட்ட பேஸ்மட்டம் ஆகியவை பெரும்பாலும் அதில் சேர்வதில்லை. இவற்றைத் தனித்தனியே எழுதி, எது யார் பொறுப்பு என்று பேசி முடிவு செய்துகொள்வது நன்று.

வெளி அளவு 20 அடிக்கு 20 அடி உள்ள வீடு 400 சதுர அடி, அதாவது 4 சதுரம். சுவர் கனம் போக உள்ளே புழங்கும் இடம் ஏறத்தாழ 325 சதுர அடிதான். கூலி பேசுவது 400க்கு, குடியிருப்பது 325ல். இதனையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு

மேற்சொன்ன 400 சதுர அடி வீட்டில் ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சுவர்களும் நடுச்சுவரும் ஒன்பது அங்குலம். அவற்றின் மொத்த நீளம் 96 அடி. அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் 9 அடி நீளத்தில் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர். சுவர் உயரம் 10 அடி. தளம் 5 அங்குலக் கான்கிரீட். கடைக்கால் கருங்கல்.

1. வானம் தோண்டுதல்: 96 அடி நீளம், 2½ அடி அகலம், 3½ அடி ஆழம். 96 x 2½ x 3½ = 840 கன அடி.

2. கருங்கல் கட்டு: அடியில் அரை அடி ஜல்லிக் கலவை போட்டபின் 2 அடி அகலத்தில் 3 அடி உயரம், 576 கன அடி. தரைக்கு மேல் பேஸ்மட்டம் 1¼ அடி அகலத்தில் 2 அடி உயரம், 240 கன அடி. ஆக 816 கன அடி. கல்லை அடுக்கிக் கட்டும்போது அளவு குறையும். ஆகவே ஏறத்தாழ 10 யூனிட் கல் இறக்க வேண்டியிருக்கும் (ஒரு யூனிட் 100 கன அடி).

3. செங்கல்: 96 x ¾ x 10 = 720 கன அடி. இதில் கதவு, ஜன்னல், லிண்டல் இடங்களைக் கழித்துத் தடுப்புச் சுவரைக் கூட்டினால் ஏறத்தாழ 600 கன அடி. கன அடிக்கு 12 கல் வீதம் 7,200. உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் ஏறத்தாழ 7,600 கல். கல்லின் அளவு சிறியதானால் எண்ணிக்கை கூடும். எனவே சூளையில் விலை கேட்கும்போதே கல்லை அளந்து பார்க்க வேண்டும்.

4. சிமெண்டு: பேஸ்மட்டமும் அதன்மேல் பெல்ட் கான்கிரீட்டும் முடிய 60 மூட்டை, சுவரும் லிண்டலும் 30, தளம் 40, பூச்சும் தரையும் 40, கைப்பிடிச் சுவர், படி முதலிய சில்லறை வேலைகளுக்கு 20. மொத்தம் 190 மூட்டை.

5. முறுக்குக் கம்பி: பெல்ட்டுக்கு 150 கிலோ, லிண்டலுக்கு 100, தளத்துக்கு 400. மொத்தம் ஏறத்தாழ 650 கிலோ. கம்பியின் கனத்தையும் இடைவெளியையும் பொறியாளரைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். கம்பியில் மிச்சம் பிடிப்பது ஆபத்து.

6. மணல் அல்லது எம்.சாண்ட் 9 முதல் 10 யூனிட்; ஜல்லி 5 யூனிட்; பேஸ்மட்டம் நிரப்பக் கிராவல் 6 முதல் 7 யூனிட்.

இந்த அளவுகளை ஒரு நோட்டில் எழுதி, எதிரே தம் ஊரில் அன்றுள்ள விலையை வண்டிக் கூலியுடன் எழுதிப் பெருக்க வேண்டும். இதனுடன் கதவு, ஜன்னல், ஓடு, வர்ணம், மின்சார வேலை, கூலி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். மொத்தத் தொகையில் நூற்றுக்குப் பத்தை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்க வேண்டும்.

லாரி வந்து நின்றதும் உள் நீளம், அகலம், சரக்கின் உயரம் ஆகியவற்றை அடிக்கணக்கில் அளந்து, மூன்றையும் பெருக்கி நூறால் வகுத்தால் எத்தனை யூனிட் என்பது தெரியும். சொன்ன அளவு இருக்கிறதா என்று பார்த்தபின் இறக்கச் சொல்ல வேண்டும்.

மண் மாறினால் மதிப்பீடும் மாறும்

ஒரே வரைபடம் எல்லா ஊருக்கும் ஒரே செலவில் முடியாது. திருச்சி மன்னார்புரத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

மன்னார்புரத்திலிருந்து மதுரைச் சாலையில் தெற்கே சென்றால் பஞ்சப்பூரைத் தாண்டி மணிகண்டம் வருகிறது. இத்திசையில் செம்மண்ணும் சரளையும் உள்ள மேட்டு நிலங்களில் மூன்று, நான்கு அடியிலேயே கெட்டித் தரை கிடைப்பதுண்டு. அங்கு மேலே சொன்ன கணக்கு ஏறத்தாழப் பொருந்தும்.

வடக்கே நகரைக் கடந்து காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள திருவரங்கம் தீவிலும், அப்பால் லால்குடி வாய்க்கால் பாசனப் பகுதியிலும் ஆற்று வண்டல். இங்கு வெள்ள மட்டத்தைப் பார்த்தே பேஸ்மட்ட உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும். 1924, 1977, 2005 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்களைத் திருச்சி வட்டாரம் மறக்கவில்லை. தண்ணீர் எதுவரை நின்றது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அதற்கு மேல் தரை மட்டம் அமையுமாறு கட்ட வேண்டும். பேஸ்மட்டத்தை ஓர் அடி உயர்த்தினால் 120 கன அடி கல் கட்டும் மூன்றரை யூனிட் கிராவலும் கூடுதலாகத் தேவைப்படும்.

வடகிழக்கே புள்ளம்பாடி, டால்மியாபுரம் பக்கத்தில் கரிசல் மண் மிகுதி. இம்மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும். ஆழம் போதாத கடைக்காலின் மேல் நிற்கும் சுவரும் அதனோடு சேர்ந்து வெடிக்கும். ஆகவே வெடிப்பு எட்டாத ஆழம் வரை தோண்டி, அடியில் மணல் பரப்பி, பெல்ட் கான்கிரீட்டைத் தவறாமல் போட வேண்டும். ஆழத்தை ஓர் அடி கூட்டினால் தோண்டுவது 240 கன அடியும் கல் கட்டு 192 கன அடியும் கூடும். தோண்டிய கரிசலைப் பேஸ்மட்டத்துக்குள் நிரப்பக் கூடாது, தரை எழும்பிவிடும்.

எனவே மதிப்பீடு போடும் முன் மனையில் இரண்டு இடங்களில் ஐந்தடிக் குழி வெட்டி மண்ணைப் பார்த்துவிட வேண்டும். ஒருநாள் கூலிதான் செலவு.

நிறுத்தக் கூடிய இடங்கள் இரண்டு

விவசாயிக்கு மாதச் சம்பளம் இல்லை. குறுவை அறுவடையில் கொஞ்சம், சம்பா அறுவடையில் கொஞ்சம், வாழைத்தார் வெட்டும்போது கொஞ்சம் என்றுதான் பணம் வரும். வீட்டு வேலையையும் இதற்கேற்பப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

வேலையை நிறுத்தி வைக்கத் தக்க இடங்கள் இரண்டே. ஒன்று பேஸ்மட்டம். பெல்ட் கான்கிரீட் போட்டுக் கிராவல் நிரப்பி நிறுத்தினால் ஒரு மழைக்காலத்தில் நிரப்பிய மண் நன்கு இறுகும். இதில் நட்டமில்லை. மற்றொன்று தளம். தளம் போட்டபின் பூச்சும் தரையும் அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கலாம். குடும்பம் குடியேறவும் செய்யலாம்.

இடையில், கூரையில்லாத சுவரோடு நிறுத்துவதுதான் பெருநட்டம். மழை சுவரின் தலையில் இறங்கும். நீட்டி விட்ட கம்பி துருப்பிடிக்கும். பணத்துக்கு ஆளாய்ப் பறந்து கிடைத்த வட்டிக்கு வாங்க நேரிடும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் ஒரு லட்சம் வாங்கினால் ஆண்டுக்கு 24,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். பயிர்க்கடனை எடுத்துச் செலவிட்டாலோ, குறித்த நாளில் திருப்பிக் கட்ட இயலாமல் வட்டிச் சலுகையும் போய், அடுத்த போகத்துக்குக் கடனும் கிடைக்காமல் போகும்.

ஆகவே பேஸ்மட்டத்துக்கு மேல் முதல் செங்கல் வைக்கும் நாளில், சுவருக்கும் தளத்துக்கும் வேண்டிய பணம் முழுவதும் கையிலோ உறுதியான வங்கிக் கடனாகவோ இருத்தல் வேண்டும். இல்லையேல் வைக்காதிருப்பதே மேல்.

சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் சுவர் வேலையைத் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் தளம் போட்டுவிடலாம். தளத்தின்மேல் வயலில் போலப் பாத்தி கட்டி 14 நாட்கள் நீர் நிறுத்த வேண்டும். அந்தத் தண்ணீருக்கும் கணக்கில் இடம் வேண்டும்.

எங்கே குறைக்கலாம்?

மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைவாகக் கிடைத்தால் 190 மூட்டையில் மிச்சம் 1,900 ரூபாய்தான். வீட்டின் ஒரு பக்கத்தை இரண்டு அடி கூட்டினாலோ 40 சதுர அடி, அதாவது பத்தில் ஒரு பங்கு பரப்பு கூடிவிடும். எனவே அளவைச் சுருக்குவதே பெரிய சிக்கனம். விலை ஏறும் என்று அஞ்சிச் சிமெண்டை முன்னதாக வாங்கி அடுக்குவதில் பயனில்லை. மூன்று மாதம் கிடந்த சிமெண்டு வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும்.

கேரளத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையைப் பரப்பினார். இதில் நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். மேற்கண்ட வீட்டில் இது ஏறத்தாழ 1,700 கல். அம்முறையில் பழகிய கொத்தனார் கிடைத்தால் மட்டும் இதனை மேற்கொள்ளலாம்.

அரசு உதவி

குடிசையில் வாழ்வோருக்காகத் தமிழ்நாடு அரசு 2024ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. 2016 முதல் நடைமுறைக்கு வந்த பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர். தகுதியையும் அப்போதைய தொகையையும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறியலாம். இத்தொகை வேலை நடக்க நடக்கத் தவணையாக வருவது. உதவியை நம்பி அளவைப் பெரிதாக்கினால் கூடுதல் செலவு முழுவதும் விவசாயியின் தலையில்தான் விழும்.

ஒரு நோட்டு, ஒரு டேப், ஐந்தடிக் குழி இரண்டு. வீட்டு வேலைக்கு முதலில் வேண்டிய கருவிகள் இவையே. கணக்குப் பார்த்துக் கட்டிய வீடு சிறிதாயிருந்தாலும், அடுத்த போகத்து விதைநெல் பத்தாயத்திலும் மாடு தொழுவத்திலும் மிஞ்சியிருக்கும்.