அருவியாறும் நாம் திருப்பிய நீரும்

மாரி காலத்தில் கட்டுக்கரைக் குளக்கட்டில் ஏறி நின்றால் கடல் போலத் தெரியும். அந்த நீரெல்லாம் குளத்தைச் சுற்றிப் பெய்த மழை என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பகுதி அநுராதபுரத்துப் பக்கமிருந்து அருவியாறு கொண்டுவந்தது. சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் இவ்வாறு, ரிட்டிகல மலைப்பகுதியில் தொடங்கி, 164 கிலோமீற்றர் ஓடி, அரிப்புக்கு அருகே கடலில் விழுகிறது. இலங்கையில் மகாவலிக்கு அடுத்த நீளமான ஆறு இதுவே.

வெள்ளம் விரைந்து ஓடும்போது மணலையும் வண்டலையும் சுமந்து வருகிறது. தரை சமனாகி வேகம் குறைந்ததும் பாரமான மணலை முதலில் இறக்கிவிடும். நுண்ணிய வண்டல் வெள்ளம் பரவும் இடமெல்லாம் படியும். வளைவுகளில் வெளிக்கரை அரிபடும், உட்கரையில் மணல்மேடு வளரும். ஆற்றோர மருதமரங்களின் வேர்களே கரையை இறுகப் பிடித்து நிற்பவை. விறகுக்கென்று அவற்றைத் தறித்தால் அடுத்த மாரியில் கரையும் போய்விடும்.

இந்த ஆற்றை மனிதன் தொட்டது இன்று நேற்றல்ல. தேக்கம் என்னுமிடத்தில் முன்னோர் ஆற்றின் குறுக்கே கல்லணை கட்டி, நீரை வாய்க்கால் வழியாகக் கட்டுக்கரைக்குத் திருப்பினர். 19ஆம் நூற்றாண்டில் எமேர்சன் தெனன்ற் என்ற பிரித்தானிய அதிகாரி, அவர்கள் மட்டத்தைத் தவறாகக் கணித்துவிட்டார்கள் என்று எழுதினார். பின்னர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் அளந்து பார்த்தபோது, மட்டம் சரியாகவே இருந்தது! அதன் பின்னரே குளம் திருத்தப்பட்டது.

ஆனால் திருப்பிய நீருக்கு விலையும் உண்டு. குளத்தில் தேங்கும் நீர் வண்டலையும் அங்கேயே விட்டுவிடுகிறது. குளம் ஆழம் குறைகிறது, கீழ்நிலத்துக்கு வண்டல் குறைகிறது. இதைவிடக் கூடிய கேடு மணல் அகழ்வு. ஆற்றுமணல் மழைநீரைத் தன்னுள் பிடித்துவைத்து, கோடையில் அயற்கிணறுகளுக்கு மெல்லக் கசியவிடுவது. டிப்பர்களில் அதை அள்ளிச் சென்றால் ஆற்றுப்படுகை தாழும். கிணற்று நீர்மட்டமும் கூடவே இறங்கும். கழிமுகத்தை அண்டிய இடங்களில் உவர்நீர் உள்ளே ஏறும். வீடு கட்ட மணல் தேவைதான், மறுக்கவில்லை. எங்கே, எவ்வளவு ஆழத்துக்கு அள்ளுவது என்பதே கேள்வி.

வெள்ளமும் நிற்கப்போவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையால் அருவியாறு பெருக்கெடுத்து மன்னாரின் வயல்களை மூடியது.

கிராமக் குழுவினர் ஒரு சிறு வேலை செய்யலாம். ஆற்றங்கரையில் நான்கு கிணறுகளைத் தெரிந்து, மாதந்தோறும் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, உவர்ப்பு உண்டா என்று ருசித்து, ஒரு கொப்பியில் திகதியுடன் எழுதுங்கள். ஒரு கோடையும் ஒரு மாரியும் கழிந்தபின் அந்தக் கொப்பியுடன் பிரதேச செயலகத்துக்குப் போகலாம்.