வெற்றிடக் குழலின் கடிவாளம்

டிரான்சிஸ்டர் 1947-இல் தோன்றியபின் வெற்றிடக் குழல்கள் பெரும்பாலும் வழக்கொழிந்தன. எனினும் கித்தார் முதலிய இசைக்கருவிகளுக்குரிய ஒலிபெருக்கிகளில் அவை இன்றும் ஒளிர்கின்றன. அவற்றின் ஆயுளைக் காக்கும் அமைப்பொன்றை ஈண்டு ஆராய்வோம்.

குழலினுள் சூடேறிய கதோடிலிருந்து எலக்ட்ரான்கள் பிளேட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையில் நிற்பது கிரிட் என்னும் கம்பிச்சுருள். கதோடை நோக்க அதனைச் சில வோல்ட்டு எதிர்மின்னழுத்தத்தில் நிறுத்தினால் பாய்ச்சல் அடங்கும். பயஸ் எனப்படுவது இதுவே. அது குறைந்தால் பிளேட்டு செக்கச் சிவந்து குழல் மடியும். மிகுந்தால் ஒலி சிதையும். குழலோ நாளடைவில் முதுமையுறுவது. ஒரே பெயருடைய இரு குழல்களும் முற்றும் ஒத்தனவல்ல. ஆகலின் ஒருமுறை வைத்த அளவு என்றும் பொருந்துவதில்லை.

பழைய உபாயம் மிக எளிது. கதோடுக்கும் தரையிணைப்புக்கும் இடையே ஒரு மின்தடையை வைத்தனர். 6வி6 என்னும் குழலில் ஏறக்குறைய 50 மில்லி ஆம்பியர் ஓடுமாயின், 250 ஓம் தடையால் கதோடு 12.5 வோல்ட்டு உயர்கிறது. தரையோடு இணைந்த கிரிட் அத்துணை வோல்ட்டு தாழ்ந்ததாகிறது. ஓட்டம் மிகுந்தால் தாழ்வும் மிகுந்து, அவ்வோட்டத்தையே குறைக்கும். செய்வானும் செயப்படுபொருளும் ஒன்றேயாகிய வாக்கியம் போன்றது இது!

ஆயினும், இரு குழல்கள் மாறிமாறி உழைக்கும் புஷ்-புல் ஒலிபெருக்கிகள் பலவற்றில் இடர் ஒன்று உண்டு. இசை உரத்தெழுங்கால் சராசரி மின்னோட்டமே உயர்கிறது. ஒலியின் வலிமை குன்றாதிருக்கத் தடையோடு இணைத்த மின்தேக்கி நிரம்பிப் பயஸை மிகைப்படுத்துகிறது. முழக்கம் ஓய்ந்தபின்னும் அம்மிகை உடனே நீங்காமையால், அடுத்துவரும் மெல்லிசை சிதைகிறது.

புதிய சுற்றுக்களில் தடை 10 ஓம் அளவே. 50 மில்லி ஆம்பியருக்கு அதில் எழுவது அரை வோல்ட்டு. இதனை ஒரு நிலையான அளவோடு ஒப்பிட்டு, கிரிட்டின் எதிர்மின்னழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் தருகிறது ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சுற்று. விரைந்து திருத்தினால் தாழ்ந்த சுரங்களோடு மோதும். ஆகலின் வினாடிக்கணக்கில் தாமதிக்கிறது. தாமதம் மட்டும் போதுமோ? போதாது. இடைவிடாத முழக்கத்தைக் குழலின் பிழையென மயங்கி அது பயஸை இறுக்கிவிடும். எனவே தேர்ந்த அமைப்புக்கள் ஒலியடங்கிய கணத்து ஓட்டத்தை மட்டும் அளக்கின்றன. அன்றி, வரம்பு கடந்த அலையை வெட்டியபின் அளக்கின்றன.

சிறு ஒலிபெருக்கிக்குப் பழைய தடையே சாலும் என்பது நம் கருத்து. அது அறுந்தால் மின்னோட்டம் நின்றுவிடும். புதியதிலோ எதிர்மின்னழுத்தம் அற்றுப்போனால் கடிவாளமே இல்லை. உயர் மின்னழுத்தத்தை உடனே துண்டிக்கும் காவல் ஒன்றையும் அதனோடு சேர்த்தாக வேண்டும்.