செத்த கல்லூரியும் உயிர்க்கல்வியும்

மக்கள் ஓர் இடத்திற்கு இட்டு வழங்கும் பெயர், அவ்விடத்தை அவர்கள் எக்கண் கொண்டு நோக்கினர் என்பதைக் காட்டும். பண்டைப் பொருள்களைத் தொகுத்து வைத்துக் காட்டும் நிலையத்தை நம் நாட்டிலே நூதனசாலை என்கின்றோம். நூதனம் என்பது புதுமை. பழையனவே நிறைந்த இடத்திற்குப் புதுமையின் பெயர் வாய்த்தது, காணாதன காணுங்கால் உண்டாகும் வியப்பை நோக்கிப் போலும். தமிழகத்தார் அதனை அருங்காட்சியகம் என்பர். அருமை நோக்கி வந்த பெயர் அது. சென்னைப் பொதுமக்களோ இவ்விரண்டையும் விடுத்து, எழும்பூரில் உள்ள அரசினர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்று நெடுங்காலம் வழங்கிவந்தனர்.

இப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1851ஆம் ஆண்டிலே அந்நிலையம் தொடங்கப்பெற்றபோது, அது கல்லூரிச் சாலையிலே, புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்ற அமைப்பு இருந்த கட்டிடத்தில் இடம்பெற்றது. அதனாலேயே கல்லூரி என்னும் பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது என்பர். 1854இல் அது எழும்பூரிலுள்ள பாந்தியன் மாளிகைக்கு மாற்றப்பட்டது. முதற் பொறுப்பாளராயிருந்த எட்வர்டு பல்பூர் என்னும் மருத்துவர், மறு ஆண்டிலே அவ்வளவில் உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டத் தொடங்கினார். 1863இல் விலங்குகள் வேறிடத்திற்குச் சென்றன. விலங்குக் காட்சிச்சாலை ‘உயிர் காலேஜ்’ ஆயிற்று. எஞ்சியது ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. எழுத்தறியாதாரும் இரண்டையும் கல்லூரி என்றே கூறினர் என்பது நோக்கத்தக்கது. அங்கே கற்பதற்கு ஏதோ உண்டு என்பதை அவர்கள் ஐயுறவில்லை.

அந்நிலையத்தின் வரலாறு முழுவதையும் ஈண்டுக் கூறப் புகவில்லை. இத்தகைய பெரிய கலைக்கூடம் ஒன்றினுள் நுழையும் மாணவன் எவற்றை, எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் எம் பிழையையே கூறிவிடுகின்றோம். யாம் முதன்முறை அங்குச் சென்றபோது, செலுத்திய கட்டணத்திற்கு ஒன்றும் விடுபடலாகாது என்னும் எண்ணத்தோடு கூடந்தோறும் விரைந்தோம். கற்சிலை, செப்பேடு, நாணயம், படைக்கலம், பாடஞ்செய்த பறவை என யாவும் கண்முன்னே ஓடின. மாலையில் விடுதிக்கு மீண்டு நினைவுகூர முயன்றபோது, திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்றுதான் தெளிவாக நின்றது. ஒரு நூலின் ஏடுகளைப் புரட்டிவிட்டு அதனைக் கற்றோம் என்று கூறும் மாணவனை நாம் கண்டிப்போம் அன்றோ? யாம் செய்ததும் அதுவே.

பின்னர் மாணவர் சிலரை அழைத்துச் சென்றபோது வேறொரு முறையை வகுத்துக்கொண்டோம். இரண்டு கூடங்கள் மட்டுமே காண்பது. ஒவ்வொரு கூடத்திலும் ஒரு பொருளையே தேர்ந்து அதன்முன் கால் மணி நேரத்துக்குக் குறையாது நிற்பது. ஐந்து வினாக்களுக்கு விடை தேடுவது. இது எதனால் ஆயது? எப்படிச் செய்யப்பட்டது? எதன்பொருட்டுச் செய்யப்பட்டது? இங்கே எவ்வாறு வந்தது? வந்தபோது எதனை இழந்தது? இவையே அவ்வைந்து வினாக்கள்.

முதலாவதாக அமராவதிச் சிற்பக் கூடத்திற்குச் சென்றோம். ஆந்திர நாட்டிலே கிருஷ்ணை ஆற்றங்கரையில் அமராவதி என்னும் இடத்தில் பெரியதொரு பௌத்த தூபி இருந்தது. கிறித்துவுக்கு முன்னைய நூற்றாண்டுகளிலே தொடங்கி, பின்னர் பல நூற்றாண்டுகள் அணிசெய்யப்பெற்றது அது. வெண்மையோடு சிறிது பசுமை கலந்த சுண்ணக்கல்லால் ஆய சிற்பங்கள் அதனைச் சூழ்ந்திருந்தன. 1845இல் வால்டர் எலியட் என்பார் அங்கு அகழ்ந்து எடுத்த கற்கள் சென்னைக்கு வந்தன. அவற்றுள் பல 1859இல் கப்பலேறி இலண்டனுக்குச் சென்றன. இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன. ஒரே தூபியின் உறுப்புக்கள் இங்ஙனம் இரு கண்டங்களிலே பிரிந்து கிடக்கின்றன. நான்காம் வினாவுக்கும் ஐந்தாம் வினாவுக்கும் விடை இதுவே.

அக்கூடத்திலே வட்டமான கல் ஒன்றில், நளகிரி என்னும் மதயானையைப் புத்தர் பெருமான் அடக்கிய கதை செதுக்கப்பட்டுள்ளது. அதன்முன் நின்ற மாணவன் ஒருவன் சிறிது நேரம் கழித்து, “ஐயா, இதில் யானைகள் இரண்டு உள்ளனவே!” என்றான். இரண்டு யானைகள் அல்ல, ஒரே யானைதான். ஓரிடத்தில் மதங்கொண்டு தெருவிலே மக்களைச் சிதறடிக்கின்றது. மற்றோரிடத்தில் பெருமானின் முன் மண்டியிட்டுப் பணிகின்றது. மேன்மாடச் சாளரங்களிலிருந்து மாந்தர் எட்டிப் பார்க்கின்றனர். முன்னர் நிகழ்ந்ததையும் பின்னர் நிகழ்ந்ததையும் ஒரே வட்டத்துள் சிற்பி அமைத்துவிட்டான். புலவன் வினைமுற்றாலும் எச்சத்தாலும் காலத்தைக் காட்டுகின்றான். காலங்காட்டும் இடைநிலை இல்லாத கல்லிலே, சிற்பி உருவத்தை இருமுறை செதுக்கிக் காலத்தைக் காட்டுகின்றான். விரைந்து செல்வோன் இரண்டு யானைகளைக் கண்டு சென்றுவிடுவான். நின்று நோக்குபவனே கதையைக் கண்டறிவான்.

அடுத்து, செப்புத் திருமேனிகள் உள்ள பகுதிக்குச் சென்றோம். அங்கேதான் எமக்கு இடர் நேர்ந்தது. திருவாலங்காட்டு நடராசர் திருமேனியை அணுகும்போது எம் மாணவருள் இளையவன் நின்றுவிட்டான். “ஐயா, செருப்பைக் கழற்ற வேண்டுமோ?” என்று வினவினான். ஏனையோர் நகைத்தனர். யாம் நகைக்கவில்லை, விடையும் கூறவில்லை. “இங்கே அவ்விதி இல்லை” என்று மட்டும் சொல்லி அப்பாற் சென்றோம். ஆயினும் அவ்வினா எம்மை விட்டு அகலவில்லை. திருவாலங்காடு ஐந்து சபைகளுள் இரத்தினசபையாகப் போற்றப்படும் தலம். காரைக்காலம்மையார் திருவடிக்கீழ் இருந்த இடம். அத்தலத்து மூர்த்தியின் முன் சைவக் கல்லூரி மாணவர் எவ்வாறு நிற்பது? வழிபடுவதா, ஆராய்வதா?

ஆராய்ச்சியை முதலில் நோக்குவோம். தென்னாட்டுச் செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பினால் ஆயவை. சிற்பி தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து, உருவத்தை முதலில் அதிலே செய்கின்றான். அதன்மேல் நுண்ணிய வண்டல் மண்ணைப் பல முறை பூசிக் காயவைக்கின்றான். பின்னர் அதனைச் சூடாக்கினால் உள்ளிருக்கும் மெழுகு உருகி வெளியேறும். மெழுகு நீங்கிய வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். குளிர்ந்தபின் மண்கூட்டை உடைத்தே திருமேனியை எடுத்தல் வேண்டும். ஆதலின் ஒரு கூட்டிலிருந்து ஒரு திருமேனியே தோன்றும். அதனைப்போல் மற்றொன்று வார்க்க இயலாது. பஞ்சலோகம் என்று பெயர் கூறினும் அதிற் பெரும்பகுதி செம்பே. இச்செய்தியை அறிந்தபின் மாணவர் அத்திருமேனியை நோக்கிய நோக்கே வேறாயிற்று.

மேலும், கோயிலிலே நாம் காணாத பலவற்றை அங்குக் கண்டோம். திருவிழாக் காலத்தில் எழுந்தருளும் மூர்த்தியைப் பட்டும் மாலையும் அணிகலனும் மூடியிருக்கும். திருமுகமும் திருவடியும் அபய கரமுமே தோன்றும். இங்கோ தோளின் வளைவையும், ஊன்றிய வலத்தாளின் உறுதியையும், தூக்கிய இடத்தாளின் எளிமையையும், முயலகன் கிடக்கும் கிடையையும் ஒருங்கே காணலாம். சில திருமேனிகளின் பீடங்களிலே துளைகளும் வளையங்களும் இருந்தன. அவை எதற்கு என்று மாணவர் வினவினர். உலாவின்போது தண்டுகளைச் செருகியும் கயிற்றாற் பிணித்தும் அசையாது நிறுத்துவதற்கு அவை. எதன்பொருட்டுச் செய்யப்பட்டது என்னும் வினாவுக்குப் பீடமே விடை கூறிற்று. இவை ஓரிடத்தில் வைத்துக் காணுதற்கென்றல்ல, வீதியிலே அடியார் நடுவே எழுந்தருளுதற்கென்றே வார்க்கப்பட்டவை.

இங்கே இவை எவ்வாறு வந்தன? படையெடுப்பும் கலகமும் நேர்ந்த காலங்களில் கோயிலார் திருமேனிகளை மண்ணுள் மறைத்து வைத்தனர். மறைத்தோர் மாண்டபின் மறைத்த இடமும் மறந்துபோயிற்று. பல நூற்றாண்டுகளின் பின் உழுவோரும் கிணறு தோண்டுவோரும் அவற்றைக் கண்டெடுத்தனர். 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி அத்தகைய கண்டெடுப்புக்கள் அரசினருக்கு அறிவிக்கப்படல் வேண்டும். அவ்வழியாகவே பல திருமேனிகள் எழும்பூரை அடைந்தன. மண்ணிலுள்ள உப்பு செம்பைப் பற்றினால் பச்சைப் பொடி பூத்து உலோகம் அரிந்துபோகும். இந்நோயைத் தீர்ப்பதற்கு 1930இல் அங்கே ஓர் இரசாயன ஆய்வுகூடம் ஏற்பட்டது. மின்பகுப்பு முறையினால் பல திருமேனிகள் பிழைத்தன. இவை கோயிலிலிருந்து பறிக்கப்பட்டவை என்று எண்ணி மனம் வருந்திய மாணவர், இதனைக் கேட்டுச் சிறிது ஆறுதலடைந்தனர்.

ஆயினும் உண்மையின் மறுபக்கத்தையும் அவர்களுக்குக் கூறினோம். உலகிலுள்ள கலைக்கூடப் பொருள்கள் யாவும் இத்தகைய நேர்வழியில் வந்தவையல்ல. தமிழகத்திலே சிரீபுரந்தான் என்னும் சிற்றூர்க் கோயிலிலிருந்து களவாடப்பட்ட நடராசர் திருமேனியை, 2008இல் அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் பெரும்பொருள் கொடுத்து வாங்கியது. களவு வெளிப்பட்டபின் 2014இல் அது இந்தியாவுக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. ஆதலின், இங்கே எவ்வாறு வந்தது என்னும் வினா வெறும் வரலாற்று வினா அன்று, அறவினாவும் ஆகும். காட்சிக்கூடத்திலே இதனை வினவத் தெரிந்த தலைமுறையே தன் ஊர்க் கோயிலின் திருமேனியையும் காக்கும்.

இனி அவ்விளைஞனின் வினாவுக்கு வருவோம். அதற்கு விடை தேடியபோது நம் நாட்டுப் பேரறிஞர் ஒருவரே எமக்குத் துணையாயினார். 1877இல் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள், 1917 முதல் 1947இல் மறையும்வரை அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத்து நுண்கலைக் கூடத்தில் இந்தியக் கலைப்பகுதியைப் பேணினார். கலைக்கூடத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த அவர், அங்குள்ள பழம்பொருள்கள் பெரும்பாலும் காட்சிக்கென்று செய்யப்பட்டவையல்ல, பயன்கொள்ளுதற்கென்று செய்யப்பட்டவை என்பதை வற்புறுத்தினார். அப்பயனை அறியாதவன் அப்பொருளையும் அறியான் என்பது அவர் கொள்கை. சிவபெருமானின் ஆனந்தத் தாண்டவத்தின் தத்துவத்தை மேலைநாட்டார்க்கு விளக்கியவரும் அவரே. பிரெஞ்சு நாட்டுச் சிற்பி உரோடன், இந்நாட்டை மிதியாமலே, சென்னை நடராசரின் நிழற்படங்களை மட்டும் நோக்கி வியந்து ஒரு கட்டுரை வரைந்தார். அது அவர் இறந்தபின் 1921இல் வெளியாயிற்று. படத்தையே ஊன்றி நோக்கியவர் அத்துணை கண்டார். நேரில் நிற்கும் நாம் எத்துணை காணவேண்டும்!

ஆகவே ஆராய்ச்சியும் வழிபாடும் ஒன்றையொன்று வெறுப்பன அல்ல. செம்பின் அளவை அறிவதால் அன்பு குறைவதில்லை. அன்பு உள்ளமையால் அறிவு மழுங்குவதும் இல்லை. எதன்பொருட்டுச் செய்யப்பட்டது என்னும் வினாவை உண்மையாக வினவுகின்றவன் வழிபாட்டின் வாயிலிற் சென்று நிற்கின்றான். ஐந்தாம் வினாவின் விடையும் அங்கே கிடைக்கின்றது. அத்திருமேனியைச் சூழவேண்டிய திருவாசி இன்று இல்லை. அதனை எவரும் காணலாம். காணாதன வேறும் உள: எண்ணெய்க் காப்பு இல்லை, தூபம் இல்லை, மேளம் இல்லை, ஓதுவார் குரல் இல்லை, தோள்கொடுத்துச் சுமப்பார் இல்லை. இத்துணையும் நம் மாணவர் தம் ஊர்க் கோயிலிலே கண்டும் கேட்டும் வளர்ந்தவை. அவற்றை நினைவிற் கொண்டுவந்து அத்திருமேனிக்கு மீண்டும் அளிக்க வல்லவர், அக்கூடத்திலே நின்ற பலருள் அவர்களே.

அன்று அவ்விளைஞன் புறப்படும் வேளையில் ஒரு கணம் பின்தங்கினான். திரும்பிப் பார்த்தோம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைகளைக் கூப்பாது, வாய் திறவாது, திருமேனியை நோக்கியபடியே நின்றான். காவலர் ஒன்றும் சொல்லவில்லை. யாமும் அழைக்கவில்லை. எம்மால் சொல்ல இயலாத விடையை அவனே கண்டுகொண்டான் என்று தெளிந்தோம்.

சென்னை செல்ல வாய்ப்பில்லாதார் வருந்தவேண்டுவதில்லை. ஆனந்த குமாரசுவாமி பிறந்த அதே 1877ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற கொழும்பு நூதனசாலையில், பொலன்னறுவைச் சிவாலயங்களை அகழ்ந்தபோது கிடைத்த செப்புத் திருமேனிகள் உள்ளன. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் அவற்றை ஆராய்ந்து நூல் எழுதியுள்ளார். கொழும்புக்குச் செல்லும் நம் பழைய மாணவர் எத்தனையோ அலுவல்களுக்காகச் செல்கின்றனர். ஒரு முறை பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, ஒரே ஒரு திருமேனியின்முன் கால் மணி நேரம் நிற்பாராக. ஐந்து வினாக்களையும் பிள்ளைகளே வினவட்டும். விடை தெரியாதவிடத்துத் தெரியாது என்று சொல்லத் தந்தையர் நாணவேண்டாம்.

கல்லூரி என்பது கட்டிடம் அன்று. வினவுவோரும் விடை தேடுவோரும் கூடும் இடமே அது. விழாக் கொண்டாடும் நம் கல்லூரிக்கும் இது பொருந்தும். வினவுவார் இல்லாவிடின் எக்கல்லூரியும் செத்த கல்லூரியே. செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று வினவும் ஒரு சிறுவன் உள்ளவரை, செத்த காலேஜும் உயிருள்ள கல்லூரியேயாம்.