மூலக்கூறும் மேசைக் கணினியும்

அறிவியற் கணக்கீட்டிற்கும், மூலக்கூறுகளின் உருவங்களைத் திரையிற் கண்டு ஆராய்தற்கும் ஏற்ற மேசைக் கணினி யாது என்னும் வினா, வேதியியலும் உயிரியலும் பயிலும் நம் நண்பரிடையே ஆண்டுதோறும் எழுவதாகும். தமிழ் பயிலும் யாம் இதனுட் புகுதல் எற்றுக்கெனச் சிலர் நகைக்கக்கூடும். திருமங்கலத்தைச் சூழ்ந்த சிற்றூர்களினின்று வரும் மாணவர் பலர்க்குக் கணினியென்பது, வீட்டு நகையை அடகுவைத்து ஒருமுறையே வாங்கும் பொருள். அப்பணம் எதற்குச் செல்கின்றது என்பதை அவர்தம் பெற்றோர்க்கும் விளங்கும் மொழியிற் கூறுதல் எம்போல்வார் கடனே.

இத்துறையில் நம் நாட்டார் ஆற்றிய தலைசிறந்த செயலொன்று பெருங் கணினியின் துணையின்றியே தொடங்கிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் கூடி, தோலிலும் எலும்பிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதம் மூன்று புரிகளாலாகிய கயிறு போன்றதென 1954-இல் வெளியிட்டார். பின்னர் 1963-இல், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்னும் இருவரோடு ஒரு படத்தை வரைந்தளித்தார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டு உண்டு. எவ்விரு கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும், எவற்றில் மோதா என்பதை அப்படம் காட்டும். இரு கோணங்களையும் பத்துப் பத்துப் பாகையாக நகர்த்தினும் 1,296 நிலைகள் உளவாம். ஒவ்வொன்றிலும் பல அணுக்களின் தொலைவைக் காணல் வேண்டும். மேசைமேல் வைத்துக் கையால் இயக்கும் கணக்குப்பொறியைக் கொண்டே அவர்கள் இக்கணக்கைச் செய்தனர். இன்று உலகில் எப்புரத வடிவம் வெளிவரினும் அதனை இராமச்சந்திரன் படத்திலிட்டுச் சோதிப்பது வழக்கம்.

இதனால் கணினி வேண்டா என்பது கருத்தன்று. செய்யவேண்டிய கணக்கு இன்னதென அவர்கள் அறிந்திருந்தனர். அதற்குத் தக்க கருவி போதியதாயிற்று. நம்மவர் பலர் கணக்கை அறியுமுன் கருவியை விலைபேசுகின்றனர்.

மூலக்கூற்றைக் காண்பது ஒரு தொழில். அதனைக் கணக்கிடுவது வேறொரு தொழில். காண்டல் ஒருகாலத்தில் அரிதாயிருந்தது. 1960-களின் நடுவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சைரஸ் லெவின்தால் புரத உருவைத் திரையிற் சுழற்றிக் காட்டியபோது, அதற்கு அறையளவான கணினி வேண்டியிருந்தது. 1993-இல் ரோஜர் சேல் வெளியிட்ட ராஸ்மால் என்னும் மென்பொருளோ எளிய கணினியிலும் அவ்வேலையைச் செய்தது. தசையிலுள்ள மயோகுளோபினில், ஹைட்ரஜனை நீக்கி எண்ணின், ஏறத்தாழ 1,200 அணுக்களே உள. சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ரைபோசோமின் சிறு கூற்றில் சுமார் 50,000 உள. இதனையும் இன்றைய சாதாரண மேசைக் கணினி தடையின்றிச் சுழற்றும். ஆகவே, காண்பதற்கு மட்டும் விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்குதல் வீண்செலவு.

கணக்கிடுதலில்தான் இடர் தோன்றும். 1,200 அணுக்களை இவ்விரண்டாய் இணைப்பின் ஏழு லட்சத்திற்குச் சற்று மேற்பட்ட இணைகள். 50,000 அணுக்களுக்கோ ஏறக்குறைய 125 கோடி! ஒவ்வொரு தொலைவையும் எட்டு பைட்டில் எழுதிவைப்பின் 10 கிகாபைட் நினைவகம் அதற்கே தீரும். அணுக்களின் இருப்பிடத்தை மட்டும் எழுதுவதற்கு 12 லட்சம் பைட் போதும் என்பதைக் கருதுக. எனவே அறிந்தோர் அருகிலுள்ள அணுக்களை மட்டும் கணக்கிற் கொள்வர். மூலக்கூற்றின் அசைவை ஆராயும் குரோமாக்ஸ் போன்ற மென்பொருள்கள் இவ்வாறே செய்வன. இவற்றிற்குக் கிராபிக்ஸ் கார்டு மிக உதவும். விளையாட்டுக்கென விற்கப்படுவதே போதும்.

குவாண்டம் வேதியியலின் நிலை வேறு. அங்கே அடிப்படைச் சார்புகளின் தொகை இருமடங்காயின், பழைய முறையில் கணிக்கவேண்டிய தொகையீடுகள் பதினாறு மடங்காகும். 1,000 சார்புகளுக்கு அவற்றை முழுதும் சேமிக்க ஒரு டெராபைட் இடம் வேண்டும். மேலும், இக்கணக்குகளுக்கு எண்களை இரட்டை நுட்பத்தில் கையாளுதல் இன்றியமையாதது. விளையாட்டுக் கார்டுகள் அதில் மிகவும் மெதுவானவை. இத்துறையார் தம் பணத்தைச் செயலிக்கும் நினைவகத்திற்கும் விரைவான எஸ்.எஸ்.டி.க்கும் செலவிடுக.

நினைவகம் 16 கிகாபைட்டிற் குறைதல் தகாது. பின்னர்க் கூட்டுதற்கு இரண்டு இடமேனும் வெறுமையாக இருத்தல் நலம். மடிக்கணினி நாள் முழுதும் ஓயாது கணக்கிட உரியதன்று. சூடேறியதும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். மதுரைச் சமவெளியின் சித்திரை வெயிலில் மேசைக் கணினிக்கும் இது நேர்வதே. ஆதலின் பெரிய விசிறிகளும் காற்றோட்டமுள்ள பெட்டியும் அழகுக்கல்ல. பலநாள் ஓடும் கணக்கு ஒரு நொடி மின்தடையால் அறுபடலாம், யு.பி.எஸ். இல்லாது வாங்குவோர் அதன் விலையைப் பின்னர் நேரத்தால் இறுப்பர். லினக்ஸ் இயங்குதளத்திற்கு விலையில்லை. குரோமாக்ஸும் அவ்வாறே.

வாங்குமுன், தம் ஆராய்ச்சியை ஒத்த சிறு கணக்கொன்றை ஆய்வுக்கூடக் கணினியில் ஓட்டிப் பார்ப்பாராக. அது ஓடும்போது செயலி, நினைவகம், கார்டு என்னும் மூன்றனுள் எது நிரம்பி வழிகின்றது, எது சும்மா இருக்கின்றது என்பதைத் திரையே காட்டிவிடும். நிரம்பியதைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லலாம்.